அழுக்கு ஏறும் விளையாட்டு

கணினியில் அந்த விளையாட்டைத் தொடங்கினால் முதலில் மூடுபனிதான் வரும். பனி கொஞ்சம் கொஞ்சமாக விலக, மலைச்சரிவில் ஒரு பெண் நிற்பாள். அவளுக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, கையில் ஒரு கத்திகூடக் கிடையாது. அவளைச் சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் நம் வேலை. பசித்தால் கிழங்கு தோண்டித் தரவேண்டும். குளிர்ந்தால் நெருப்பு மூட்டவேண்டும். இந்த மாதிரி விளையாட்டுகள் நிறைய ஆடியிருக்கிறேன். பசியும் குளிரும் எல்லாவற்றிலும் உண்டு. ஆள் அழுக்காவதை நான் பார்த்தது இதில்தான்.

திரையின் இடது மூலையில் ஒரு சின்னச் சட்டைப் படம் இருக்கும். அவள் காட்டுக்குள் நடக்க நடக்க அது வெள்ளையிலிருந்து பழுப்பாகி, பழுப்பிலிருந்து கருத்துக்கொண்டே போகும். ஓடினால் முதுகில் வியர்வை. மண் தோண்டினால் முழங்காலில் சேறு. மான் அறுத்தால் முழங்கை வரை ரத்தம். நெருப்பை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தால் முகத்தில் கரி. எந்த அழுக்கு எங்கே படவேண்டுமோ அங்கேதான் படும். இதைச் செய்தவர்களில் ஒருவராவது வீட்டில் துணி துவைத்தவராக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

சட்டை கருத்துவிட்டால் கஷ்டகாலம் ஆரம்பம். அழுக்குத் துணியோடு அடிபட்டால் காயம் சீழ் வைக்கும். நாற்றத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு ஓநாய் வரும். உப்பு விற்கிற வியாபாரி மூக்கைப் பொத்திக்கொண்டு கடையைச் சாத்துவான். சரி, துவைத்துவிட்டால் போயிற்று என்று கிளம்பினால் அங்கேதான் அவர்களுடைய குசும்பு. துவைத்த துணி ஈரம். ஈரத்துணியோடு அந்தக் குளிரில் நின்றால் அழுக்கைவிட வேகமாக ஆள் போய்விடுவாள். நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து துணி காயும்வரை பொறுத்திருக்கவேண்டும். என் கையில் அழுக்கால் செத்தவர்கள் கொஞ்சம்தான். துவைக்கப்போய்ச் செத்தவர்கள்தான் ஏராளம். ஏனென்றால் நான் ஒரு சுத்தப்பைத்தியம். சட்டைப் படத்தில் லேசாகப் பழுப்பு தெரிந்தாலே கை துறுதுறுக்கும், அவளை ஆற்றில் இறக்கிவிடுவேன்.

ஜவ்வாது மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிற வேலை எனக்கு. பக்கத்திலேயே ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தேன். இங்கேயும் காலையில் பனி விலகித்தான் ஆள் தெரிவார்கள். முந்தின நாள் ஆடிய கிறக்கத்தோடு வேலைக்கு நடந்தால், எதிரே வருகிறவர்கள் தலைக்குப் பக்கத்தில் ஒரு சட்டைப் படம் மிதப்பதுபோல இருக்கும். சாமை வயலிலிருந்து வருகிறவருக்குப் பழுப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வெள்ளை. புளி உலுக்கிவிட்டு வருகிற அம்மாளுக்கு இரண்டுக்கும் நடுவில். மாத்திரையை எண்ணிக் கொடுக்கும்போதுகூட அந்தப் படம் மறையாது. நல்லவேளை, நினைப்பதை யாரும் படிக்க முடியாது.

ஆனி மாதம் அக்கா மலைக்கு வந்தாள். அவளுக்குப் பிறந்த பெண் குழந்தை மூச்சே விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்குப் போய்க் கொஞ்சநாள் இருந்தாள். வருகிறவர்கள் எல்லாரும் ஆறுதல் சொல்லிச் சொல்லியே அவளை நோகடித்ததால், "உன்னாண்டயே வந்து இருக்கறேன்டி" என்று என்னிடம் வந்துவிட்டாள். ஒரு பை, மேலே ஒரு பழுப்பு நைட்டி. அதே நைட்டிதான் மறுநாளும். அதற்கு மறுநாளும்.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், போளூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஓரமாக நாலு கம்ப்யூட்டரும் உண்டு. சந்தவாசல் பக்கம் அவர்களுக்கு நிலம், வீடு. தினமும் அக்காவுக்குப் போன் செய்வார். அவள் எடுக்கமாட்டாள். பிறகு எனக்குச் செய்வார். "சாப்ட்டாளாம்மா?" என்பார். நான் சாப்பிட்டாள் என்பேன். அதற்குமேல் அவருக்கும் கேட்கத் தெரியாது, எனக்கும் சொல்லத் தெரியாது. இதற்கு நடுவில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். பெண் போனையே எடுக்கமாட்டேன் என்கிறாள், ஆடி மாதம் போகட்டும், உட்கார்ந்து பேசி அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று. அப்பா இதைப் போனில் சொன்னபோது எனக்குப் பயமாக இருந்தது. மாமா நல்ல மனுஷர். அக்காவும் அவரும் கல்யாணமான புதிதில் ஒரே தட்டில் சாப்பிடுவதைப் பார்த்து நான் கேலி செய்திருக்கிறேன்.

நான் வெந்நீர் வைப்பேன். அது ஆறிப்போகும். மாற்றுத்துணி எடுத்து வைப்பேன். மடித்தபடியே இருக்கும். சின்ன வீடு, சன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் அக்காவின் வாடை. ஒருநாள் பொறுக்கமுடியாமல் கையில் சோப்பை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் போய் நின்றேன்.

"எழுந்து குளிக்கா. நாறுது."

"அத அப்பால வெய்யிடி மொதல்ல."

"எத?"

"அந்த சோப்ப."

அவள் முகம் சுருங்கியதைப் பார்த்துச் சோப்பைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே அவளே சொன்னாள்.

"காத்தால அவருதான் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனாரு. சாயங்காலம் வந்து என் கட்டிலாண்ட நின்னாரு. தலைமுழுகி, வெள்ளை வேட்டி கட்டிக்கினு, கமகமன்னு சோப்பு வாசனை. புள்ளையப் பொதைச்சிட்டு வந்த ஆளு மாதிரியா இருந்தாரு? கல்யாணத்துக்குப் போற ஆளு மாதிரி. எனக்கு ஒடம்பெல்லாம் ரத்தமும் பாலும். அன்னிலேர்ந்து சோப்புன்னாலே ஆவல எனக்கு. அவரும் ஆவல."

புதைத்துவிட்டு வந்தவர் குளித்துத்தான் ஆகவேண்டும், குளிக்காமல் ஒருவரும் வாசல்படி மிதிக்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் மனசு ஆறவில்லை. சோப்பைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டேன்.

அவளை விளையாட்டுக்குள் இழுத்தது நான் இல்லை, ஆற்றுச் சத்தம். ஒரு மத்தியானம் நான் ஆடிக்கொண்டிருந்தேன், அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "மழையாடி?" என்றாள். விளையாட்டில் ஓடுகிற ஆறு என்றேன். எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் இருந்தவளுக்குச் சட்டை கருத்துப்போயிருந்தது, வழக்கம்போல ஆற்றில் இறக்கப் போனேன்.

"அவள ஏன்டி தண்ணில தள்ற?"

"அழுக்காயிட்டாக்கா."

"இருந்தா இருக்கட்டும். குளிருது பாரு அவளுக்கு."

அன்றிலிருந்து அவள்தான் ஆடினாள். நான் வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் வந்து பார்த்தால், மடிக்கணினியும் அவளும் போர்வைக்குள் இருப்பார்கள். ஆற்றைப் பார்த்தமாதிரி ஒரு மேட்டில் குடிசை போட்டு, சுற்றி முள்வேலி வைத்து, வாசலுக்கு ஒரு படலும் கட்டிவிட்டாள். துவைக்கவே இல்லை. நாற்றம் பிடித்து ஓநாய் வந்தால், வேலி ஓரமாக நெருப்பு மூட்டி உட்கார்ந்திருப்பாள். வியாபாரி உப்பு கொடுக்காவிட்டால் உப்பில்லாமல் தின்பாள். அவ்வளவு அழுக்கோடு ஒருத்தி அந்தக் காட்டில் அத்தனை நாள் உயிரோடு இருந்து நான் பார்த்ததே இல்லை. சாயங்காலம் பனி இறங்கிச் சன்னலை மறைத்துவிட்டால், எது எங்கள் மலை, எது அவள் மலை என்று எனக்குக் குழம்பும். அக்காவின் கன்னத்தில் படுகிற வெளிச்சம் திரையிலிருந்து வருகிற நெருப்பா, எங்கள் வீட்டு பல்பா என்றுகூடச் சிலசமயம் சட்டெனப் புரியாது. அந்தக் குழப்பம் எனக்குப் பிடித்திருந்தது. ஒன்றுமே நடக்காத வீட்டில் அது மட்டும்தான் நடந்துகொண்டிருந்தது.

மாமாவிடம் இதைப் போனில் சொன்னேன்.

"அதுல நானு வரலாமாம்மா?"

சிரிப்பு வந்தது எனக்கு. கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தாலும் சீட்டுக்கட்டு அடுக்குகிற ஆட்டம்கூட ஆடாத மனுஷர். அக்காவிடம் கேட்டேன். "வந்தா வரட்டும். காடு இன்னா என் அப்பன் வூட்டு சொத்தா?" என்றாள்.

கடையில் கூட்டம் இல்லாத மத்தியான வேளையில் வருவார். பேசமுடியாது, எழுதத்தான் முடியும். அவருக்கு நடக்கவே வரவில்லை. பாறையில் முட்டிக்கொண்டு நிற்பார். கிழங்கு என்று நினைத்துக் கல்லைப் பிடுங்குவார். நான்தான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, இப்படிப் போங்க, அதை எடுங்க என்று எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு எழுத்துகூட எழுதவில்லை. படலையும் திறக்கவில்லை. அவர் தினமும் ஒரு கட்டு விறகு கொண்டுவந்து வேலிக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார். எங்கள் திரையில் அவருடைய சட்டைப் படமும் தெரியும், அதுவும் கருத்துப்போயிற்று. "ஆத்துல எறங்கித் தோய்ங்க மாமா" என்று எழுதினேன். "வாணாம்மா, இருந்துட்டுப் போவுது" என்று பதில் வந்தது. அக்கா அதைப் படித்தாள்.

ஆடி மாதம் முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. விளையாட்டிலும் வானம் மூடிக்கொண்டிருந்தது. மாமா விறகைத் தூக்கிக்கொண்டு கீழே ஆற்றோரமாக வருவது குடிசையிலிருந்தே தெரிந்தது. பாதி வழியில் நின்றுவிட்டார்.

"இது இன்னாம்மா இங்க கெடக்குது?"

எட்டிப் பார்த்தேன். ஓநாய் அடித்துப் போட்டிருந்த ஒரு குட்டி மான். இது அந்த விளையாட்டில் பெரிய யோகம். "மான்குட்டி மாமா. கூரான கல்லால அறுங்க. கறியும் கெடைக்கும் தோலும் கெடைக்கும். அக்காவுக்கு ஒரு புதுக் கோட்டு தைச்சிடலாம்" என்று எழுதினேன்.

அவர் விறகைக் கீழே போட்டார். குந்தினார். மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார்.

கறி கெடாமல் இருக்க மண்ணில் புதைத்து வைக்கிற வசதி ஒன்று அந்த விளையாட்டில் உண்டு. அதைத்தான் பிடித்துக்கொண்டார். கல்லால் தோண்டுவதால் ஒரு கை மண்ணுக்கு ஒருதரம் பட்டனை அமுக்கவேண்டும். அமுக்கினார், அமுக்கிக்கொண்டே இருந்தார். போளூர்க் கடையில் அவர் விரல் அமுங்குவது எங்களுக்கு இங்கே ஒரு பிடி மண்ணாகத் தெரிந்தது. முழங்கால் சேறாகி, மார்பு சேறாகி, சட்டைப் படம் கரியாகிவிட்டது. அவர் மான்குட்டியை எடுத்துக் குழிக்குள் வைத்து மூடினார். உலகத்தில் எத்தனையோ பேர் இந்த விளையாட்டை ஆடுகிறார்கள். சாப்பாட்டுக்குக் கிடைத்ததைத் தோலுரிக்காமல் அடக்கம் செய்தவர் எங்கள் மாமா ஒருவராகத்தான் இருக்கும்.

அங்கே இருட்ட ஆரம்பித்தது. காற்றுச் சத்தம் ஏறியது. அந்த நேரத்துக்கு வெளியே நிற்கிறவன் பிழைக்கமாட்டான். "மாமா, சீக்கிரம் மேல வாங்க, அக்கா படலைத் தொறக்கும்" என்று நானாக எழுதிவிட்டேன். அவர் மேட்டைப் பார்த்துத் திரும்பினார். பிறகு எதிர்ப்பக்கமாக நடந்து ஆற்றில் இறங்கினார்.

"மாமா, தண்ணில எறங்காதீங்க, செத்துடுவீங்க!"

"இரும்மா, தலைக்கு ஊத்திக்கினு வர்றேன். பொதைச்ச கையோட எப்படி வூட்டுக்குள்ள வர்றது? உங்கக்கா ஒடம்பு சரியில்லாம உள்ள இருக்கா."

இத்தனை நாள் அழுக்கோடு வேலிக்கு வெளியே நின்றுவிட்டுப் போன மனுஷர், இப்போது கழுத்தளவு தண்ணீரில் நின்று தலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சேறு கலைந்து ஆற்றோடு போயிற்று. சட்டைப் படம் வெளுக்க வெளுக்க, அதற்குப் பக்கத்தில் உயிரைக் காட்டுகிற கோடு குறைந்துகொண்டே வந்தது. எனக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்த மனுஷருக்கு எங்கே எதைச் செய்யவேண்டும் என்றே தெரியாதா?

அக்கா அசையாமல் இருந்தாள். வெளியே ஓட்டின்மேல் மழை, திரையில் ஆறு. இரண்டு சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

"அன்னிக்கு யாருடி அவருக்குக் குளிக்கத் தண்ணி எடுத்துக் குடுத்தாங்க?" என்றாள்.

"தெரியலக்கா."

"நான்தான குடுக்கணும். நான் ஆஸ்பத்திரில கெடந்தேன்."

கணினியை என் மடியிலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கினாள். அவள் எழுதிய முதல் வரி அது.

"குளிக்காம வாங்க."

ஆற்றில் இருந்தவர் தலையைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"யாரு? நீயாம்மா?"

"நான்தான். அழுக்கா இருந்தா இருக்கட்டும். அப்படியே வாங்க."

எழுதிவிட்டுக் காத்திருக்கவில்லை. படலைத் திறந்துகொண்டு அவளுடைய ஆள் மேட்டிலிருந்து ஓடினாள். நடுங்கிக்கொண்டு பாதிச் சேறும் பாதி ஈரமுமாகக் கரையேறியவருக்குத் தன் அழுக்குக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். இருவரும் குடிசைக்குள் வந்து நெருப்போரம் உட்கார்ந்தார்கள். கோடு மெல்ல மேலே ஏறியது. அந்த அழுக்கில்தான் அன்றைக்கு மாமா பிழைத்தார். துவைக்காத கோட்டில் ஈரம் இல்லை அல்லவா?

நான் எழுந்து போயிருக்கவேண்டும். போகவில்லை.

"எங்க வெச்சீங்க?" என்று எழுதினாள் அக்கா.

மான்குட்டியைத்தான் கேட்கிறாள் என்று நான் நினைத்தேன். மாமா அப்படி நினைக்கவில்லை.

"தாய்க்காரிக்கு எடத்தக் காட்டக் கூடாதுன்னாங்க. அங்கியே போயிப் போயி ஒக்காந்துக்குவியாம்."

"நான் கேக்கறேன்."

"நம்ம நெலத்துலதான். கெணத்து மேட்டுக்கு அந்தாண்ட, புங்க மரத்தாண்ட."

"காட்டுவீங்களா?"

"வா."

மறுநாள் காலை நான் எழுந்தபோது அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா சீயக்காய் தேய்த்துத் தலைக்குக் குளித்துவிட்டுப் புடவை கட்டியிருந்தாள். சோப்பு பரணிலேயே இருந்தது. தன் துணியெல்லாம் பையில் எடுத்து வைத்திருந்தாள். "திரும்பி வரமாட்டியா?" என்று கேட்டேன். "அத அங்க போயிப் பாக்கலாம்" என்றாள். நான் லீவு சொல்லிவிட்டு அவளோடு பஸ் ஏறினேன். மலை இறங்க இறங்கப் பனி பின்னாலேயே நின்றுவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆடிக்குப் பிறகு என்ன ஆகுமோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. இடத்தைப் பார்த்ததும் பழைய கோபம் இன்னும் பெரிதாகத் திரும்பிவிட்டால்?

சந்தவாசலில் மாமா வண்டியோடு நின்றார். இளைத்திருந்தார். யாரும் யாரையும் நலம் விசாரிக்கவில்லை. நிலத்துக்கு வந்ததும் அவர் முன்னால் போனார், அக்கா நடுவில், நான் கடைசியில். மழைக்கு வரப்பெல்லாம் வழுக்கியது. கிணற்று மேட்டைத் தாண்டியதும் புங்க மரம் தெரிந்தது. அடியில் புல் முளைத்திருந்தது. ஒரு கல் வைத்திருந்தார், அவ்வளவுதான். கல் இல்லையென்றால் இடமே தெரியாது.

அக்கா நின்று பார்த்தாள். பிறகு புடவையோடு அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்தாள். உள்ளங்கையைப் புல்மேல் வைத்தாள். அழுவாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். அவள் அழவில்லை. மண்ணைத் தடவித் தடவிப் பார்த்தாள். அங்கே மண் கெட்டி, சரளை வேறு. நகத்தால் கீறினால்கூட வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், தலையை நிமிர்த்தி மாமாவைக் கேட்டாள்.

"ஒத்தையாவா தோண்டுனீங்க?"

மாமா ஆமாம் என்று தலையை ஆட்டினார். "எங்கப்பாரு கூட வந்தாரு. தள்ளி நிக்கச் சொல்லிட்டேன்" என்றார். அந்த மனுஷர் அழுது நான் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, போனிலும் அழவில்லை. இப்போது முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல் நின்றபடியே அழுதார். இத்தனை நாளில் அந்தக் கேள்வியை யாருமே அவரிடம் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்கா கொஞ்சம் நகர்ந்து, கல்லுக்கு இந்தப் பக்கம் அவருக்கு இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"நீ பஸ்ஸுக்குப் போடி. நாங்க கொஞ்ச நேரம் இருந்துட்டு வூட்டுக்குப் போறோம்."